இல்லம் தேடி வந்த அலுவலகம்



"இனி அலுவலகம் செல்லத் தேவையில்லை, அலுவலகமே இல்லம் தேடி வந்துவிட்டது" என்று மகிழ்கின்றனர் பலர். பேருந்து நெரிசல் இல்லை, பயணச் செலவு இல்லை, மேலதிகாரியின் முறைப்பு இல்லை! அந்த மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. நடக்க இயலாத தோழருக்கும் கைக்குழந்தையுள்ள தாய்க்கும் இம்முறை கதவு திறந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு பொருளை இருபுறமும் திருப்பிப் பார்ப்பதன்றோ பகுத்தறிவு! முதலாளிக்குக் குறைந்த செலவு மறைந்துவிட்டதா, அல்லது வேறொருவர் தலைக்கு மாறிவிட்டதா?

தொலைவிலிருந்து பணிபுரியும் முறைக்கு 1973-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான ஜாக் நில்லஸ். 2020 மார்ச் ஊரடங்கு அதனை உலகறியச் செய்தது. ஆனால், பெயர் பிறக்குமுன்பே நெல்லைச் சீமையில் நம் தாய்மார்கள் முறத்தை மடியில் ஏந்திப் பீடி சுற்றினார்கள், இன்றும் சுற்றுகிறார்கள். இடம் அவர்களுடையது, விளக்கு அவர்களுடையது, முதுகுவலியும் அவர்களுடையது! சுற்றிய பீடியில் இத்தனை கழிவு என்று ஒதுக்கினால், அடுத்தவளுக்கு எத்தனை ஒதுக்கினார்கள் என்பதை எப்படி அறிவாள்? கொடுக்கச் சென்ற இடத்தில் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களில்தான்! வீட்டில் சுற்றுவோரும் தொழிலாளரே என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. தனித்தனி வீட்டில் இருப்பவர் ஒருகுரலாவது எத்தனை கடினம் என்பதை அவர்களைக் கேளுங்கள்!

இன்று முறத்தின் இடத்தில் கணிப்பொறி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஊழியர்களின் 2020-ஆம் ஆண்டுத் தொடர்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். பழகியவரோடு பிணைப்பு இறுகியது. பிற பிரிவினரோடு இருந்த பாலங்கள் குறைந்தன. நேர்ப்பேச்சு குறைந்தது, எழுத்துச் செய்திகள் பெருகின.

எழுத்து போதாதா என்பர். போதாது என்பதைப் பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில் கைப்பேசி வழியே பாடம் சொன்ன ஆசிரியர்கள் நாம் அறிவோம். "புரிந்ததா?" என்று கேட்டோம். "புரிந்தது ஐயா" என்று எழுத்து வந்தது. வகுப்பறையாயிருந்தால் அந்தப் பொய்யைச் சிறுவனின் விழியே காட்டிக் கொடுத்திருக்கும்! பணிக்குப் புதிதாய் வந்த இளைஞனின் நிலையும் அதுவே. அடுத்த மேசைக்காரரிடம் தயக்கமின்றிக் கேட்கும் ஐயத்தை, மேலதிகாரிக்கு மடலாக எழுத அஞ்சுகிறான், அறியாமலே இருந்துவிடுகிறான்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சாதிக்கொரு தெரு பிரித்த நாடு இது. தெருவில் சேராதவர்கள் பள்ளிக்கு அடுத்தபடியாகச் சேர்ந்தமர்ந்து உண்ணும் இடம் பணிமனை. அங்கும் சாதி சாகவில்லை. ஆயினும் தெருவில் ஆள்வதுபோல் அங்கே வெளிப்படையாக ஆள முடியவில்லை. ஊரடங்கில் ஊர் திரும்பிய இளைஞன் ஊதியத்தை நகரத்திலிருந்து பெற்றான். உறவையோ பழைய தெருவுக்குள்ளேயே பெற்றான்.

பெண்ணின் நிலை என்ன? அடுப்பங்கரையிலிருந்து மீள வேலையே வழி என்றோம். அந்த வேலையே அடுப்பங்கரைக்கு வந்துவிட்டால்? கணவன் "கூட்டத்தில் இருக்கிறேன்" என்று கதவைச் சாத்துகிறான், வீடு அடங்குகிறது. மனைவி சாத்திய கதவைத் தட்டாதவர் எவர்? மாமியார் தட்டுகிறார், மகன் தட்டுகிறான், பால்காரரும் தட்டுகிறார்! இரண்டு வேலை, ஒரு சம்பளம்!

ஆகவே, எல்லோரும் அலுவலகம் திரும்புக என்பதா நம் தீர்ப்பு? அன்று. முறையை விலக்கச் சொல்லவில்லை. மறைந்த விலையை வெளியே எடுத்து, பயன் பெறுபவர் தரட்டும் என்கிறோம். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினாரே, அந்நாள் நினைவூட்டும் எட்டு மணி நேரத்துக்கு வீட்டுக்குள் எல்லை எங்கே? பணிநேரம் கடந்து ஊழியரைத் தொந்தரவு செய்யலாகாது, வீட்டில் செய்யும் வேலையால் கூடும் செலவை முதலாளி ஏற்கவேண்டும் என்று 2021-இல் போர்ச்சுகல் சட்டம் செய்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சட்டம் வரும்வரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். மாதத்தில் சில நாளேனும் உடன் உழைப்பவரை நேரில் காண்போம். சம்பளத்தையும் சங்கடத்தையும் ஒளிக்காது பேசுவோம். வீட்டிலே மனைவியின் கதவையும் கணவனின் கதவைப்போல் மதிப்போம். முதற் சீர்திருத்தம் அந்தக் கதவிலேயே தொடங்கட்டும்!