எவ்வளவு சோதித்தால் தெரியும்?

குத்தம்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச்சுத்துணை எதிர்வீட்டுக்காரர்தான். ஆவடி டாங்க் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க சாஃப்ட்வேர் எல்லா டெஸ்ட்டும் பாஸ் சார்" என்று ஒருமுறை பெருமையடித்தேன். "பாஸானது எது தம்பி, வண்டியா, பேப்பரா?" என்றார். சிரித்துவிட்டேன்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஹைப்பர்சானிக் ஷாக் டன்னல் இருக்கிறது. தகடு கிழிந்ததும் அதிர்ச்சி அலை குழாய்க்குள் ஓடும். சூடேறிய வாயு, ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரியின்மேல் பாயும். சோதனைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. மாதிரி முழுசாகச் சூடாகக்கூட அவகாசமில்லை. மேலே பூசிய பிளாட்டினப் படலத்தின் சின்ன வெப்ப ஏற்றத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல நேரடியான விஷயமில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஓட்டப் பிரிவு. உடலை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப்படலம், மேற்பரப்பு மடங்கும் மூலைக்கு முன்பே பிய்ந்து விலகும். உள்ளே சுழல், கொஞ்சம் தள்ளி மறுபடி வந்து ஒட்டும். சூடு உச்சத்துக்குப் போவது பிய்ந்த இடத்தில் இல்லை, ஒட்டுகிற இடத்தில். வடிவமோ வேகமோ சற்றே மாறினால் அந்த இடம் நகரும். அங்கே உணரி இல்லையென்றால் வரைபடம் சாதுவாகத்தான் இருக்கும்.

1967 ஆகஸ்டில் எக்ஸ்-15 விமானம், அடிச்சிறகில் ஒரு போலி ராம்ஜெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு மாக் 4.94-ல் பறந்தது. இறங்கியபோது அடிச்சிறகில் பூச்சு கருகியிருந்தது. அது போதிய கவனம் பெறவில்லை. அக்டோபர் 3 அன்று பீட் நைட் அதே விமானத்தை மாக் 6.7-க்கு ஓட்டினார். ராம்ஜெட்டிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை அடிச்சிறகில் மோதி ஓட்டை போட்டது. அவர் பத்திரமாக இறங்கினார். விமானம் அதன்பின் பறக்கவில்லை.

அலட்சியம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆகஸ்டில் விமானம் திரும்பி வந்ததே! திரும்பி வந்த விமானத்தைக் காட்டிலும் பெரிய சமாதானம் எது?

எனக்கும் ஓர் ஆகஸ்ட் இருந்தது. சம்பளக் கணக்கு மென்பொருளில், மாத நடுவில் ஒப்பந்தக்காரர் மாறினால் ஒரு தொகை பிசகுவதை எங்கள் குழுவின் இளைய பெண் கவனித்தாள். "அபூர்வமா வர்றது, விட்டுடும்மா" என்று எழுதிக் கையெழுத்திட்டது நான். அடுத்த மாதமே துப்புரவுத் தொழிலாளர்கள் நாற்பது பேருக்கு மூன்று நாள் சம்பளம் வரவில்லை. ஒருவர் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கினாராம். எனக்கு ஒரு மின்னஞ்சல் மன்னிப்போடு முடிந்தது. பைலட்டாவது ஆபத்து தெரிந்து ஏறினார். இவர்களை யாரும் கேட்கவேயில்லை.

இப்போது அறிக்கையில் 'சோதிக்காதவை' என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். வாடிக்கையாளருக்குப் போகும் பிரதியில் அது வேண்டாம் என்கிறார் மேலாளர். வியாழக்கிழமை வந்த கடிதம் அது. இன்னும் பதில் போடவில்லை.