ஏன் அந்த வழியால் போனாள்?

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் கிருஷாந்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. “சென்றியில ஆமி நிக்கிறது தெரியும்தானே. பிள்ளை ஏன் அந்த வழியால தனியப் போனது?” என்றார் ஒரு அண்ணர். இரக்கத்தோடுதான் கேட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1996 செப்டெம்பர் 7. உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவியைச் செம்மணிக் காவலரணில் மறித்தார்கள். பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கிக் கொன்றார்கள். தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்றார்கள். தாய் தனியே போகவில்லை, துணையோடுதான் போனார். அவர் ஏன் போனார் என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பாசம் என்கிறோம். மகள் போனது மட்டும் கவனயீனமாம்.

அவள் அவ்வழியால் போகாதிருந்தால் இது நடந்திராது. உண்மைதான். பரீட்சை எழுதாதிருந்தாலும் நடந்திராது. நடந்ததற்கு முன்னால் ஆயிரம் காரியங்கள் இருக்கும். அவையெல்லாம் குற்றத்துக்குப் பொறுப்பாகிவிடுமா? 1998 இல் கொழும்பு மேல் நீதிமன்றம்கூட மரணதண்டனை விதித்தது படையினருக்குத்தான், பாதைக்கல்ல.

எங்கள் பிள்ளை அப்படிப் போகமாட்டாள் என்று நினைத்துக்கொள்ளத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ என்னவோ. அந்த அண்ணரின் மகளும் வேலை முடிந்து கடைசி ரயிலில் தனியேதான் வருகிறாள்.