கம்பத்து இளையனாரும் செல்போன் முருகனும்



போன கிருத்திகை அன்னிக்கு பாட்டி செல்போனைக் கண்ணில் ஒத்திக்கிட்டாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ. முருகன் வாய் திறந்து பேசுறார்: "இதை 11 பேருக்கு அனுப்பு, பணம் வரும்."

"பாட்டி, இது ஏஐ. கம்ப்யூட்டர் செஞ்சது"ன்னேன்.

பாட்டி நிதானமா கேட்டாங்க: "நான் கும்பிட்டது அவனைத்தான், அது வீண் போகாது. ஆனா அவன் சொல்லாததை அவன் வாயில வெச்சது யாருடா? அதுக்கு யார் பொறுப்பு?"

எனக்குப் பதில் வரல. விளையாட்டா அதை குரூப்ல போட்டதே நான்தான்.

ஆபீஸ்ல இஸ்லாமிய நண்பர்கிட்ட சொன்னேன். "நபி சொன்னார்னு ஒண்ணைச் சொன்னா, யார் யார் வழியா வந்ததுன்னு வரிசையா காட்டணும். ஹதீஸ் அறிஞர்கள் அப்படித்தான் சோதிச்சாங்க"ன்னார்.

2020-ல் வாடிகன் முன்னெடுத்த ஏஐ நெறிமுறை அறிக்கையிலும் 'பொறுப்பு' ஒரு கொள்கை. 2024 ஜூலையில் ஹிரோஷிமாவில் பல சமயத் தலைவர்கள் கூடி அதில் கையெழுத்துப் போட்டாங்க. பாட்டி கேட்டதும் அதேதான்!

நம்ம அண்ணாமலையார் கோயில் கம்பத்து இளையனாரை நினைச்சுப் பாருங்க. முருகனைக் காட்டுன்னு அரசன் சபையில சவால் வந்தப்போ அருணகிரிநாதர் உருகிப் பாடினார். முருகன் தூணில் காட்சி கொடுத்தார்னு தல வரலாறு. அங்கே வந்தது அவன் விருப்பம். நாம ஏஐ-ல வரவழைக்கிற முருகன், நாம எழுதிக் கொடுத்ததைத்தான் பேசுவார்.

படத்தைக் கும்பிடுறது தப்பில்ல. ஆனா முருகன் பேரால் ஒரு வார்த்தை வந்தா, யார் சொன்னதுன்னு கேட்காம ஃபார்வர்டு பண்ணாதீங்க. அனுப்புற விரல் நம்மோடது; பொறுப்பும் நம்மோடது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!