தேக்கடியின் மொட்டை மரங்கள்

தேக்கடியில் படகேறினால் ஒன்றரை மணி நேரமும் நம் கண் கரையிலேயே இருக்கும். யானை வருமா, காட்டெருமை வருமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. படகுக்குப் பக்கத்திலேயே, தண்ணீரிலிருந்து கறுத்து நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டை மரங்களை, நீர்க்காகம் வந்து உட்கார்ந்தாலொழிய யாரும் படமெடுப்பதில்லை.

1895-க்கு முன் அங்கே நின்ற காட்டின் மிச்சம் அவை. பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்ததும் பள்ளத்தாக்கு மூழ்கியது. மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பத்துக்கும் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் திரும்பியது. காடு பார்க்க என்று நாம் ஏறும் படகு, மூழ்கடித்த காட்டின் மேல்தான் மிதக்கிறது. நீர் இறங்கும் மாதங்களில் கரையில் இளம்புல் முளைக்கிறது. அதைத் தேடித்தான் கடமானும் காட்டெருமையும் நம் கண்ணில் படும் தூரத்துக்கு வருகின்றன. ஏரி இல்லையென்றால் இந்தக் காட்சியும் இல்லை.

ஓர் அழிவிலிருந்து கிடைத்த இன்பத்தை உறுத்தல் இல்லாமல் அனுபவிக்க முடியுமா?

விம்பிள்டனில் பிறந்த என் மகள் இதையே சுருக்கமாகக் கேட்டாள்: "அப்பா, அந்த மரங்களையெல்லாம் யார் சாகடித்தது?" வெள்ளைக்காரன் என்று சொல்லிவிடலாம். புலம்பெயர்ந்த நமக்கு அது கைவசம் எப்போதும் இருக்கும் பதில். ஆனால் என் தாத்தாவின் வயலில் இரண்டு போகம் நெல் விளைந்தது அந்தத் தண்ணீரில். அப்பா படித்ததும், நான் முதுகலைக்கு விமானம் ஏறியதும் அந்த நெல்லில். அதற்கு முன், 1876-78 பஞ்சத்தில், அதே வறண்ட சீமையிலிருந்து உயிர் பிழைக்கக் கடல் தாண்டியவர்கள் எத்தனை பேர்! அணை கட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. வந்தால் அது வேஷம்.

பென்னிகுக் 1911-இல் இறந்தது எங்களிடமிருந்து அதிகத் தொலைவில்லாத கேம்பர்லியில். 2022-இல் தமிழக அரசு அங்கே அவருக்குச் சிலை வைத்தது. தேனிப் பக்கம் அவருக்குப் பொங்கலே வைக்கிறார்கள். அந்த நன்றி உண்மையானது. ஆனால் மூழ்கிக் கொடுத்த காட்டுக்கு அதில் ஒரு கைப்பிடிகூட இல்லை.

அதனால்தான், "இவ்வளவு காசு கொடுத்தும் நாலு மான்தான் பார்த்தோம்" என்று விடுமுறை முடிந்து வந்து நண்பர்கள் குறைப்படும்போது எனக்குக் கசக்கிறது. கடன்பட்டவர்கள் நாம். பேச்சென்னவோ யானை நமக்கு ஏதோ பாக்கி வைத்திருப்பதுபோல. குற்றவுணர்வு வேண்டும் என்று சொல்லவில்லை. அது சல்லிசாகக் கிடைப்பது, லண்டனில் இன்னும் சல்லிசு. யாருடைய செலவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

தெரிந்திருப்பதும் அவ்வளவு லேசில்லை. நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்று இரு மாநிலங்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தபோது ஊரில் வெடி வெடித்தார்கள். நானும் தொலைபேசியில் மகிழ்ந்தேன். இன்றும் என் பக்கம் 142தான். ஒவ்வோர் அடி ஏறும்போதும் மூழ்குவது அந்தக் கடமான் இறங்கி வரும் புல்.