கற்றுக்குட்டி

சொல்லுக்கும் முகம் உண்டு. யார் வாயிலிருந்து, யாரை நோக்கி வருகிறது என்பதற்கேற்ப அம்முகம் மலரும், அன்றிச் சுளிக்கும். 'கத்துக்குட்டி' என்னும் பேச்சுவழக்குச் சொல் இதற்குத் தக்க சான்று. முதிர்ந்த இசைவாணர் தம்மையே கத்துக்குட்டி என்று கூறிக்கொண்டால் அஃது அடக்கம். முதன்முறை மேடையேறிய சிறுவனை அவரே அவ்வாறு அழைத்தால் அஃது இகழ்ச்சி.

இச்சொல்லின் திருந்திய வடிவம் கற்றுக்குட்டி. கற்றலும் குட்டியும் கூடிப் பிறந்தது அது. தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கும் ஒன்பது இளமைப் பெயர்களுள் குட்டியும் ஒன்று. கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் ஆகியவற்றின் இளமைக்கு அப்பெயரை அந்நூல் உரிமையாக்குகிறது. எனவே, குட்டி என்பது குறையன்று, பருவம். கிளைதாவத் தடுமாறும் அணிற்குட்டியை எவரும் பழிப்பதில்லை. மனிதன் ஒரு தொழிலிலோ மொழியிலோ தடுமாறும்போது மட்டும் அதே பெயர் ஏளனமாவது ஏன்? கற்றவர் தம் தொடக்கத்தை மறந்துவிடுவதே காரணம்.

சிங்கப்பூரின் பழைய வழக்கிலும் இதனையொத்த சொல் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து புதிதாக வந்திறங்கியோரைச் 'சின்கே' என்றனர். ஹொக்கியன் மொழியில் அதற்குப் 'புதிய விருந்தினர்' என்பது பொருள். பொருள் இனிது, வழக்கோ கசந்தது. கப்பற்கூலிக் கடனை உழைத்துத் தீர்க்க வேண்டியிருந்த ஏழையரை, இம்மண்ணிலே பிறந்தவரினின்றும் பிரித்துக்காட்டும் பெயராக அது நின்றது. விருந்தினர் என்ற சொல்லே வேலியாயிற்று.

அதே மொழி தந்த பெயர்தான் தேக்கா. 'மூங்கிலடி' என்பது அதன் பொருள். இன்று அங்கே, ஞாயிற்றுக்கிழமை மாலையில், தமிழகத்திலிருந்து அண்மையில் வந்த தொழிலாளி பேருந்துக்கு வழி தெரியாது திகைக்கிறார். அருகே, கீரைக் கடையில், இந்நகரிலேயே பிறந்த மாணவி 'கட்டு' என்னும் தமிழ்ச்சொல் நாவில் எழாமல் தடுமாறுகிறாள். அவர் நகருக்குப் புதியவர். அவள் மொழிக்குப் புதியவள். அவருக்கு வழிகாட்ட அவளால் இயலும். அவளுக்குச் சொல்லெடுத்துக் கொடுக்க அவரால் இயலும். ஒருவர் சிரித்துவிட்டாலோ இரண்டும் நிகழா.

அச்சிரிப்பின் விலை பெரிது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காட்டினர், 2020இல் 29.2 விழுக்காட்டினர். இச்சரிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும், பிழைக்கு அஞ்சி வாய்மூடிய ஒவ்வொரு பிள்ளையும் அம்மொழிக்கு இழப்பே. பிழையைத் திருத்தாது விடுவது அன்பாகாது. ஆனால் திருத்துவது வேறு, நகுவது வேறு. திருத்தம் பிழையைச் சுட்டும். நகைப்பு ஆளைச் சுட்டும்.

தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வருபவரே விருந்தினர். வரவேற்பவர் முகம் மாறினாலே விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்று அனிச்ச மலரைக் காட்டி உணர்த்தினார் வள்ளுவர். மொழியின் வாயிலில் தயங்கி நிற்கும் பிள்ளையும் விருந்தே. அவனைக் கற்றுக்குட்டி என்று அழைப்பதில் தவறில்லை. அழைக்கும் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.