உதவாதிருப்பதும் உதவியா?

சென்ற மாதம் எம்மை விட்டுப் பிரிந்த 'பிசியோ அன்ரி'யைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் கணக்காளன், இரங்கலுரை எழுதிப் பழக்கமில்லை என்று முதலில் மறுத்தேன். பெயர் போட வேண்டாம் என்பது பிள்ளைகளின் விருப்பம். போடாவிட்டாலும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற எவருக்கும் ஆளைத் தெரியும். அவர் என் மனதில் விட்டுச் சென்ற கேள்வி ஒன்றையே இங்கு வாசகர்கள் முன் வைக்கிறேன்.

அன்ரி கொழும்பில் இயன்மருத்துவம் பயின்று அங்கேயே அரசாங்க வைத்தியசாலையில் வேலை பார்த்தவர். 1983 ஆடிக் கலவரத்தின் பின் மெல்பேணுக்கு வந்து, மறுபடியும் பரீட்சைகள் எழுதி, ஓய்வு பெறும்வரை அதே தொழிலைச் செய்தார். பேரப்பிள்ளைகள் ஐவர்.

2001இல் யாழ்ப்பாணத்தில் என் தந்தையாருக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். அக்காவும் நானும் முறை வைத்துப் பார்த்தோம். ஊட்டினோம், உடுப்பு மாற்றினோம், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இருத்தினோம். அவர் தாமாகக் கரண்டியை எடுக்கப் பார்த்தாலும் "விடுங்கோ அப்பா, நாங்கள் இருக்கிறம்" என்று வாங்கிவிடுவோம். ஊரார் மெச்சினார்கள். அவருடைய வலது கை விரல்கள் மெல்ல மெல்ல மடிந்து உள்ளங்கைக்குள் இறுகிப்போயின. 2003இல் காலமானார். பிள்ளைக் கடமையைக் குறைவறச் செய்தோம் என்ற நிறைவு எனக்குப் பதினான்கு வருடம் இருந்தது.

2017இல் இங்கே அம்மாவுக்கும் அதே வருத்தம், அதே வலது பக்கம். வைத்தியசாலையால் வந்த மறுநாளே அன்ரி வீட்டுக்கு வந்தார். நான் அம்மாவைத் தூக்கப் போக, "கையில பிடிச்சு இழுக்காதை தம்பி, தோள்மூட்டு இறங்கிப் போகும்" என்று சத்தம் போட்டார். பிறகு சோற்றுக் கோப்பையை அம்மாவின் வலப்பக்கம் வைத்துவிட்டு, எங்களை எட்ட நிற்கச் சொன்னார். சோறு மடியிலும் நிலத்திலும் சிந்தியது. அம்மா அழுதார். "பாவம் அன்ரி, நான் தீத்திவிடுறன்" என்றேன். "பாவம், பாவம் எண்டுதான் கையைக் கொல்லுறியள்" என்றார் அவர். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லும் தரமன்று. வாசல் வரை போய் வழியனுப்பவும் இல்லை.

பின்னர்தான் வாசித்து அறிந்தேன். மூளை பழுதான பின் ஒரு கையைப் பாவியாமல் விட்டால், மீளக்கூடிய அசைவும் மீளாமற் போகிறது. சுகமான கைக்கு உறை மாட்டி, நலிந்த கையை வேலை செய்ய வைக்கும் சிகிச்சையே உண்டு. அமெரிக்காவில் 222 நோயாளரிடம் அதைச் சோதித்து, கை முன்னேறியதை 2006இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது; மணிக்கட்டிலும் விரல்களிலும் கொஞ்சமாவது அசைவு மிஞ்சியிருக்க வேண்டும்.

இந்த நாட்டுத் தாதி எலிசபெத் கென்னியின் (1880–1952) கதையை அன்ரி விருப்பத்தோடு சொல்வார். இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளின் கைகால்களை அசையாமல் மட்டை வைத்துக் கட்டிய காலத்தில், கட்டை அவிழ்த்து, சூடான கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, தசைகளைப் பழக்கியவர் கென்னி. நோயைப் பற்றி அவர் கொடுத்த விளக்கம் முழுவதும் சரியல்ல என்பதையும் அன்ரி மறைக்கமாட்டார்.

அப்படியானால், அப்பாவுக்கு நாங்கள் செய்தது அன்பில்லையா? அன்புதான். யுத்தத்துக்குள் கேட்டுச் செய்ய ஒருவரும் எமக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் கரண்டியை எடுக்க முயன்றபோது பொறுக்க முடியாதிருந்தது அவருக்கா, எனக்கா? நல்ல மகன் என்று என் பேரேட்டில் வரவு வைத்ததெல்லாம் அவருடைய கையின் கணக்கில் செலவாக விழுந்திருக்கிறது.

இதைக் கேட்டு, பெற்றோரை எட்டிப் பாராத பிள்ளைகள் "அவர்கள் தாமாகவே செய்யட்டும்" என்று சாட்டுச் சொல்லக்கூடாது. அன்ரிக்கு அந்தச் சாட்டு அறவே பிடிக்காது. அம்மா சட்டையின் ஒரு பொத்தானைப் பூட்ட முக்கால் மணித்தியாலம் எடுத்த நாளில், அவர் பக்கத்துக் கதிரையில் அசையாமல் இருந்தார். நான் பூட்டிவிட்டிருந்தால் அரை நிமிடம். எனக்கு வேலைக்குப் போகும் அவசரம். உதவாதிருக்க இவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அவருடைய மூத்த பேத்தி செத்தவீட்டில் பேசினார். சிறு வயதில் விழுந்தால் அம்மம்மா தூக்கவே மாட்டாராம். இரக்கமில்லாத மனுஷி என்று நினைத்தாராம். பிறகு தங்கை நடை பழகியபோதுதான் பார்த்திருக்கிறார்: தங்கை தளம்பும்போதெல்லாம் அம்மம்மாவின் இரண்டு கைகளும் முன்னே வந்து வந்து, தொடாமலே திரும்பிப் போயினவாம். கடைசி வாரங்களில் பேத்தி கோப்பையைக் கையிற் கொடுக்க, "இனி நீயே பருக்கு பிள்ளை, பயிற்சி முடிஞ்சுது" என்று சிரித்தாராம்.

இறுதி மரியாதைக்கு வரிசையில் நின்றபோது, அம்மா பூவை வலது கையில் எடுத்தார். கை நடுங்கியது; விரல்கள் விரிய நேரம் எடுத்தது. பின்னால் நின்ற ஒருவர் உதவ முன்வந்தார். நான் அவரைத் தடுத்தேன். வரிசை முழுவதும் காத்து நின்றது.