வரைபடத்துக்கு யார் சாட்சி?

ஓர் அறிவு மெய்யானது என்பதை அந்த அறிவே காட்டிக்கொடுக்குமா, இல்லை, வெளியிலிருந்து இன்னொன்று வந்து சொல்ல வேண்டுமா? இந்தியத் தத்துவத்தில் மீமாம்சகரும் நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வி இது. அறிவு பிறக்கும்போதே நம்பத்தக்கதாகத்தான் பிறக்கிறது, அது பொய் என்று காட்டத்தான் வெளிக்காரணம் வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். வேதத்தை யாரும் இயற்றவில்லை என்று கொண்டவர்களுக்கு இந்த நிலைப்பாடு தேவைப்பட்டது. இயற்றியவர் இல்லாத நூலுக்கு வெளிச்சாட்சியை எங்கே போய்த் தேடுவது? நையாயிகர் இதை ஏற்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் கானல்நீரும் குளத்துநீரும் ஒன்றுதான். இறங்கி அள்ளிக் குடித்தால்தான் எது நீர் என்று தெரியும் என்பது அவர்கள் கட்சி. இந்த வழக்கை ட்ரோன் நில அளவை என்னும் இன்றைய தொழிலில் வைத்துப் பார்த்தால் நையாயிகர் பக்கமே வலுக்கிறது.

ட்ரோனைக் கிளப்புமுன் சில எண்களை முடிவு செய்தாக வேண்டும்: பறக்கும் உயரம், வேகம், ஷட்டர், அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டிய அளவு. டிஜேஐ பேன்டம் 4 ஆர்டிகே என்ற ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 2.7 செ.மீ. உயரத்தைப் பாதியாக்கினால் அதுவும் பாதியாகும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது ஷட்டர் ஐந்நூறில் ஒரு வினாடி திறந்திருந்தால், அதற்குள் ட்ரோன் 2 செ.மீ. நகர்ந்துவிடும், ஏறக்குறைய முக்கால் பிக்சலுக்குப் படம் கலங்கும். பறக்கும் திசையில் 80, பக்கவாட்டில் 70 விழுக்காடு என்ற அளவில் படங்கள் படிந்தால், ஒரே கல்லைப் பல படங்களில் அடையாளம் கண்டு அதன் உயரத்தைக் கணிக்க மென்பொருளுக்குக் கை கொடுக்கும். இவற்றைக் கவனமாக வைக்காதவரின் வரைபடம் தேறாது. ஆனால் கவனமாக வைத்தாலே வரைபடம் மெய்யாகிவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

தட்டையான ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். கேமரா நேர்கீழாகப் பார்க்கிறது. ட்ரோன் இணைகோடுகளில் போய்வருகிறது. லென்ஸின் வளைவுப் பிழை எவ்வளவு என்பதையும் மென்பொருள் அந்தப் படங்களிலிருந்தே கணித்துக்கொள்கிறது. அந்தக் கணிப்பு இம்மியளவு பிசகினாலும், வயலின் நடுப்பகுதி கூரைபோல மேலெழும்பியோ கிண்ணம்போலக் குழிந்தோ வரைபடத்தில் வந்துவிடும். ஜேம்ஸ், ராப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பிழையை விரிவாக ஆராய்ந்து, சாய்வாக எடுத்த படங்களைச் சேர்த்தால் அது பெரிதும் குறையும் என்று காட்டியது. நம் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. வளைந்துபோன அந்த வரைபடத்துக்குள் எந்த முரணும் தென்படாது. படங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். பொருத்தப் பிழை ஒரு பிக்சலுக்கும் குறைவு என்று மென்பொருளின் அறிக்கை சொல்லும். ஐந்நூறு படங்கள் ஒத்துப்போகின்றனவே என்று மகிழ்வதற்கில்லை. எல்லாம் ஒரே லென்ஸ் வழியே வந்தவை. ஒரே சாட்சி ஐந்நூறு முறை கூண்டேறியதற்குச் சமம். வளைவைக் காட்டிக்கொடுப்பது, தரையில் தனியாக அளந்து, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த சோதனைப் புள்ளிகள்தான். தரையில் அளந்து கணக்கில் சேர்க்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு இந்த வேலையைக் கொடுக்க முடியாது; அவற்றோடு பொருந்தும்படிதான் வரைபடமே உருவாகிறது. அமெரிக்க போட்டோகிராமெட்ரி, தொலையுணர்வுச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறை, குறைந்தது 20 என்றிருந்த சோதனைப் புள்ளிகளை 30 ஆக உயர்த்தியதும் இதனால்தான் பொருள்படுகிறது.

மீமாம்சகர் இங்கே மடக்குவார்: அந்தச் சோதனைப் புள்ளி சரி என்று யார் சொன்னது? அதற்கொரு சாட்சி, அந்தச் சாட்சிக்கொரு சாட்சி என்று போனால் முடிவேது? கூர்மையான கேள்விதான். ஆனால் சாட்சி துளியும் பிழையற்றதாக இருக்க வேண்டியதில்லை. வரைபடத்தைவிடத் துல்லியமாக, வேறு வழியில் அளக்கப்பட்டிருந்தால் போதும். பரங்கிமலை அருகே 1802இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய ஆங்கிலேய அளவையர் லாம்டனின் நில அளவைப் பணி, முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு மேற்கே நகர்ந்தது. 1804இல் பெங்களூரில் இன்னொரு கோட்டைத் தரையில் சங்கிலி வைத்து அளந்தபோது, கணக்கில் வந்த நீளத்துக்கும் அதற்கும் சில அங்குலமே வித்தியாசம். சங்கிலியிலும் பிழை உண்டு. ஆனால் சங்கிலியின் பிழையும் கோணத்தின் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்து பேச வேண்டிய அவசியம் இல்லை. ஐயத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு, நம் செயலே முரண்படும் இடத்தில் ஐயம் நின்றுவிடும் என்றார் நையாயிகரான உதயனர். வீட்டுமனைக்கு ஐந்து சென்டிமீட்டர் போதும் என்றால், அதற்கு அப்பால் தோண்டிக்கொண்டிருப்பது தேடலாகாது.

இன்னொரு மறுப்பும் உண்டு. காரணம் இருந்தால் ஐயப்படு, இல்லாவிட்டால் நம்பு என்பது அது. ஆர்டிகே என்னும் துல்லிய இடங்காட்டி நுட்பம் வந்தபின் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடம் சென்டிமீட்டர் கணக்கில் பதிவாகிறது, இனித் தரையில் புள்ளி வைப்பது வீண்வேலை என்பார்கள். அன்றாடப் பார்வைக்கு அந்த விதி பொருந்தும். ஆனால் தரையில் நின்று ட்ரோனுக்குத் திருத்தம் அனுப்பும் அடிநிலையத்தின் உயரத்தைத் தவறாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? முழு வரைபடமும் ஒரே சீராக மேலேறிவிடும் அல்லது கீழிறங்கிவிடும். உள்ளே ஒரு பிசிறும் இராது. தென்னிந்தியாவில் ஜிபிஎஸ் தரும் உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் வேறுபாடே பல பத்து மீட்டர் என்பதால், குழப்பிக்கொண்டால் பிழை சிறிதாக இருக்காது. ஐயத்துக்குக் காரணமே காட்டாத பிழைதான் ஆபத்தானது. காரணம் தென்பட்ட பின் ஐயப்படலாம் என்பவருக்கு அது அகப்படவே போவதில்லை.

இதைத் துல்லியத்தோடு மட்டும் நிறுத்த முடியாது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்பு மனைகளை ட்ரோன் அளக்கிறது. ஆனால் பறப்பதற்கு முன் மனைக்காரர்கள் பார்க்க எல்லையில் சுண்ணாம்புக் கோடு போடப்படுகிறது. ட்ரோன் பார்ப்பது சுண்ணாம்பை, எல்லையை அல்ல. கோட்டின் இடத்தை எவ்வளவு துல்லியமாகவும் சொல்லலாம். அது யாருடைய எல்லை என்பதை அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லும், மறுப்பவருக்குத் தரப்படும் வாய்ப்பும்தான் தீர்மானிக்கின்றன. காட்சியும் அனுமானமும் முடியும் இடத்தில், பிறர் சொல்லால் அறியும் உரை என்னும் அளவை வேலையைத் தொடங்குகிறது. அந்த உரைக்கும் எதிர்க்கேள்வி உண்டு என்பதுதான் அதை நம்பத்தக்கதாக்குகிறது.

சமயநம்பிக்கைக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு மரபின் நூல்கள் ஒன்றையொன்று ஆதரிக்கின்றன, உரைகாரர்கள் ஒருகுரலில் பேசுகிறார்கள், அடியார்களுக்கு ஐயமே எழவில்லை என்பதெல்லாம் அந்த மரபின் ஒழுங்கைக் காட்டும், மெய்ம்மையைக் காட்டா. இதனால் நம்பிக்கை பொய்யாகிவிடாது. வெளிச்சோதனை இல்லாத வரைபடத்தைப் பொய் என்று எந்த அளவையரும் சொல்வதில்லை. இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்றுதான் எழுதுகிறார். தன் கணக்குக்குள் சேராத ஒருவரின் கேள்வியை, அதிலும் தன்னால் பாதிக்கப்படுபவரின் கேள்வியை, சோதனைப் புள்ளியாக ஒதுக்கிவைத்துக் கேட்கும் மரபுக்குத் தன் பிழை எவ்வளவு என்று சொல்லும் தகுதி உண்டு. அந்த அளவைச் சொல்ல முடிந்தவரின் பேச்சைத்தான் நம்பி நடக்க முடியும்.